பற்றை விடவா, பிடித்துக்கொள்ளவா: ஆலோசகர் சொன்ன இரண்டு சொற்கள்

பாம்பன்கரை

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் பாம்பன். வீட்டுக்காரர் ராமேசுவரத்தில் விசைப்படகு டிரைவர். காலையில் மீன்வளத் துறை டோக்கன் வாங்கிக்கொண்டு போனால் மறுநாள் விடிந்துதான் கரைக்கு வருவார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருடம். முதலில் பயம் இருந்தாலும் சமாளித்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி அவர் படகுக்குப் பக்கத்தில் போன படகை இலங்கைக் கடற்படையினர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் திரும்பிவிட்டார். ஆனால் யார் படகு என்று தெரியாமல் விடியவிடிய படகுத்துறையில் உட்கார்ந்திருந்த நான் இன்னும் வீடு வந்து சேரவில்லை என்றுதான் தோன்றுகிறது.

அவர் போகும் நாளெல்லாம் நெஞ்சு படபடக்கிறது, கை சில்லிட்டுப்போகிறது. சிக்னல் இருக்காது என்று தெரிந்தே போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். இசிஜி, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. ஆறு வயது மகளுக்கும் இப்போது அந்த நாளில் மட்டும் வயிற்றுவலி வருகிறது. அதைப் பார்த்த பிறகுதான் மதுரையில் ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன்.

முதல் தடவை அவர் என் சின்ன வயதைப் பற்றிக் கேட்டார். எனக்கு நாலு வயதில் அம்மா கேரளாவுக்கு இறால் உரிக்கும் வேலைக்குப் போனார். அப்பத்தாதான் வளர்த்தது. அம்மா வருடத்துக்கு ஒரு தடவை வருவார், சொல்லாமல் கிளம்பிப் போய்விடுவார். இதைக் கேட்டுவிட்டு, "உங்களுடைய அட்டாச்மென்ட் பதற்ற வகை" என்றார். அடுத்த தடவை மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது விழிப்பான கவனம், என்று ஒரு ஆடியோ கொடுத்தார். கண்ணை மூடி மூச்சைக் கவனி, எண்ணம் வந்தால் பிடிக்காதே, போகவிடு என்று வருகிறது. மூன்று நாள் செய்தேன். நாலாம் நாள் மூச்சைக் கவனிக்கக் கவனிக்க தண்ணீருக்குள் முங்குகிற மாதிரி ஆகி, எழுந்து வெளியே ஓடிவிட்டேன்.

என் மாமியார் சொல்வது வேறு. "கடலுக்குப் போறவன் மேல ரொம்பப் பற்று வைக்காதே." ஆடியோவும் அதைத்தானே சொல்கிறது? அப்படியென்றால் என் நோய் பாசம்தானா? பாசத்தைக் குறைத்தால்தான் குணமாகுமா? ஆலோசகரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. இங்கே கேட்கிறேன்.

தேவிபட்டினம் வாத்தியார்

தங்கச்சி, நான் டாக்டர் இல்லை. முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன். உங்கள் குழப்பத்தில் பாதி சொல்லில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பற்று என்ற சொல் நம்மிடம் துறவோடு ஒட்டியது. பௌத்தம் பேசும் பற்று, பாலியில் உபாதானம், ஒன்றை "இது எனக்கு வேண்டும், மாறவே கூடாது" என்று இறுக்கிப் பிடிப்பது. அது துன்பத்துக்குக் காரணம் என்பது அவர்கள் கண்டது. ஆங்கிலத்தில் அதற்கும் அட்டாச்மென்ட் என்று எழுதிவிட்டார்கள். மனநலக்காரர்கள் சொல்லும் அட்டாச்மென்ட் வேறு. பிள்ளைக்கும் வளர்ப்பவருக்கும் இடையில் உண்டாகிற பிணைப்பு அது. இரண்டும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வருவதால், ஒருவர் "விடு" என்கிறார், இன்னொருவர் "இது இல்லாமல்தான் உனக்குக் கஷ்டம்" என்கிறார் என்று தோன்றுகிறது.

நம் சைவ சித்தாந்தத்திலும் பாசம் என்றால் கயிறு, உயிரைக் கட்டுவது. அதே சொல்லைத்தான் வீட்டில் தாய்ப்பாசம் என்று அவ்வளவு அன்பாகச் சொல்கிறோம். ஒரே சொல் இரண்டு பக்கமும் இழுப்பது நமக்குப் புதிது இல்லை. இந்த இழையில் மனநலக்காரர்கள் சொல்வதைப் பிணைப்பு என்றும், இறுக்கிப் பிடிப்பதைப் பற்று என்றும் எழுதினால் பேச்சு தெளிவாகும்.

சாயல்குடியாள்

வாத்தியார் ஐயா சொன்னபடியே எழுதுகிறேன். எனக்குச் சொந்த ஊர் சாயல்குடி. வெளியூரில் உளவியல் ஆலோசனை செய்கிறேன். அக்கா, உங்கள் ஆலோசகருக்குப் பதிலாக நான் இங்கே சிகிச்சை சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு சொல்லுக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியும்.

"பதற்ற வகை" என்பது நோயின் பெயர் இல்லை. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜான் பௌல்பி என்று ஒரு பிரிட்டிஷ் மனநல மருத்துவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடிழந்த குழந்தைகளின் மனநலம் பற்றி உலக சுகாதார நிறுவனம் அவரை எழுதச் சொன்னது. அது 1951-இல் வந்தது. அதுவரை பலரும் குழந்தை தாயை ஒட்டிக்கொள்வது பாலுக்காக என்று நினைத்தார்கள். பௌல்பி அப்படி இல்லை என்றார். பயம் வந்தால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்பதே ஒரு தனித் தேவை, பசி மாதிரி. 1958-இல் ஹாரி ஹார்லோ என்பவர் குரங்குக் குட்டிகளை வைத்துச் செய்த சோதனையும் அதையே காட்டியது. பால் புட்டி கம்பிப் பொம்மையில் இருந்தாலும் குட்டிகள் நாளில் பெரும்பகுதி துணி சுற்றிய பொம்மையைத்தான் கட்டிக்கொண்டு கிடந்தன.

அப்புறம் மேரி எய்ன்ஸ்வர்த், பௌல்பியோடு வேலை செய்த உளவியலாளர். அவர் பிறகு அமெரிக்காவில் பால்டிமோரில் ஒரு சோதனை செய்தார். ஒரு வயதை ஒட்டிய குழந்தையும் தாயும் ஓர் அறையில் இருப்பார்கள். தாய் கொஞ்ச நேரம் வெளியே போய்த் திரும்புவார். தாய் போகும்போது குழந்தை அழுகிறதா என்பதைவிட, திரும்பி வரும்போது என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். பெரும்பாலான குழந்தைகள் தாயிடம் ஓடிவந்து, சமாதானமாகி, மறுபடி விளையாடப் போயின. சில குழந்தைகள் தாய் வந்தும் ஆறவில்லை, கட்டிக்கொண்டே அழுதன, தள்ளியும் விட்டன; இதுதான் பதற்ற வகை. இன்னும் சில, தாயைப் பார்க்காத மாதிரி பொம்மையிடமே இருந்தன; இது விலகல் வகை. நாலாவதாக ஒரு வகையைப் பிற்பாடு மேரி மெய்ன் சேர்த்தார். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஆறாத குழந்தை கெட்ட குழந்தை இல்லை. எப்போது வருவார், எப்போது போவார் என்று தெரியாத தாயிடம், சத்தமாக அழுது கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதுதான் புத்திசாலித்தனம். நாலு வயதில் நீங்கள் கற்றது அதுதான். சொல்லாமல் போகிற ஆளைத் தூங்காமல் காவல் காக்க வேண்டும். அன்றைக்கு அது உங்களுக்கு உதவியது. 1987-இல் ஹேசன், ஷேவர் என்ற இருவர் இதே மூன்று சாயலும் பெரியவர்களின் காதலிலும் கல்யாணத்திலும் தெரிகிறது என்று எழுதினார்கள்.

ஆகவே பாசம் உங்கள் நோய் இல்லை. அந்தப் பாசத்துக்குக் காவல் இருக்கிற ஆள் முப்பது வருடமாகத் தூங்கவில்லை, அவ்வளவுதான்.

கூண்டுக்கம்பம்

அக்கா, நான் பாம்பன் துறைமுகம் பக்கத்திலேயே வளர்ந்தவன். சாயல்குடி அக்கா எழுதியதைப் படித்ததும் புயல் கூண்டுதான் ஞாபகம் வந்தது.

ஒன்றாம் எண் கூண்டு என்றால் எங்கோ தூரத்தில் ஏதோ உருவாகிறது என்று அர்த்தம். மூன்று என்றால் இங்கேயே காற்று பலமாகும். பத்து என்றால் பெரும் அபாயம். அதற்கும் மேலே ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. பதினொன்று. புயல் எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று சொல்வதற்கு. பத்தைவிடப் பெரிய எண்ணை அதற்குக் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் மனதில் போன் சிக்னல் போனவுடன் நேராகப் பதினொன்று ஏறிவிடுகிறது. ஒன்றும் மூன்றும் உங்களிடம் இல்லவே இல்லை. கூண்டையே கழற்றி எறிந்தால் சரியாகுமா? எண் பார்த்து ஏற்றப் பழகினால் போதாதா?

பாம்பன்கரை

தம்பி, இதைப் படித்துவிட்டு அழுதுவிட்டேன். ஆமாம், எனக்கு ஒன்றாம் எண்ணே கிடையாது.

உப்புக்காற்று

நான் தங்கச்சிமடம். மன்னிக்கவும், எனக்கு இந்தப் பேச்சு ஒரு விதத்தில் கோபம் தருகிறது.

எங்கள் தெருவில் பத்து வீட்டை எடுத்தால் சிறைக்குப் போய்வந்தவர் இல்லாத வீடு கொஞ்சம்தான். படகைப் பிடித்து வைத்தால் குடும்பம் கடனில் மூழ்கிவிடும். 1964 டிசம்பரில் ஒரே ராத்திரியில் தனுஷ்கோடி போனதைப் பாட்டிகள் இன்றும் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட கரையில் ஒரு பெண் பயந்தால், "உன் சின்ன வயதுதான் காரணம், மூச்சைக் கவனி" என்பதா? பயப்பட வேண்டியதற்குப் பயப்படுவது எப்படி நோயாகும்? எல்லையில் நடப்பது நிற்கட்டும், பாதிப் பெண்களுக்குத் தூக்கம் வந்துவிடும். ஆலோசனை என்ற பெயரில் எல்லாவற்றையும் அவளுடைய தலைக்குள் தள்ளிவிட்டால் வெளியே இருப்பவர்களுக்கு வசதியாகப் போய்விடும்.

கிராமச் செவிலி

தம்பி சொல்வதில் முக்கால்வாசி உண்மை. நான் முப்பத்து நாலு வருடம் இந்தக் கரையில் துணை சுகாதார நிலையத்தில் இருந்தவள். மருந்து கொடுத்து ஆற்ற முடியாத தலைவலி பாதிக்கு மேல் கடனால் வந்தது. அதற்குச் சங்கமும் போராட்டமும் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் தம்பி, ஒன்றைப் பாருங்கள். ஒரே தெரு, ஒரே கடல், ஒரே ஆபத்து. ஒருத்தி இரவு பத்து மணிக்குக் கதவைச் சாத்திப் பிள்ளையை அணைத்துக்கொண்டு படுத்துவிடுகிறாள். பக்கத்து வீட்டுக்காரி விடியும் வரை திண்ணையில் இருக்கிறாள். ஆபத்து இருவருக்கும் ஒன்றுதான். அந்த இரண்டாமவளுக்கு, எல்லைப் பிரச்சினை தீரும் வரை காத்திரு என்று நான் எப்படிச் சொல்வேன்? அவளுடைய பிள்ளைக்கு வயிறு வலிக்கிறதே.

அந்த வயிற்றுவலி பொய் இல்லை அம்மா. பிள்ளைக்கு அப்பா போவதும் தெரியும், உங்கள் முகம் மாறுவதும் தெரியும். "ஒன்றும் இல்லை, போய் விளையாடு" என்று சொல்லாதீர்கள். "அப்பா போயிருக்கார், அம்மாவுக்குக் கொஞ்சம் பயமா இருக்கு, உனக்கும் இருக்கா?" என்று கேளுங்கள். பெயர் சொல்லிவிட்டால் வயிறு அதைச் சுமக்க வேண்டியதில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம். சங்கிலியில் கட்டி வைத்திருந்த 28 பேர் தீயில் போய்விட்டார்கள். ஓடக்கூட முடியவில்லை. மனம் சரியில்லாதவரைக் கட்டி வைப்பது அதுவரை இங்கே யாருக்கும் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. அதனால்தான் இந்தக் கரையில் மனநலம் என்று வாயைத் திறக்கவே ஜனங்கள் பயந்தார்கள். இன்றைக்கு ஒரு பெண் தானாகவே பஸ் ஏறி மதுரைக்குப் போய் "எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்கிறாள். அதை யாரும் சின்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உப்புக்காற்று

அம்மா, அக்காவைக் குறை சொல்லவில்லை. இரண்டும் வேண்டும் என்று ஒத்துக்கொள்கிறேன். ஏர்வாடி பற்றி எழுதியதற்கு நன்றி. நான் அப்போது பிறக்கவில்லை.

கீழைவாசி

அஸ்ஸலாமு அலைக்கும். கீழக்கரை, இப்போது துபாய். நான் அந்தப் பொம்மையிடமே இருந்த குழந்தை.

வாப்பா சவுதியில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு மாதம் வருவார். முதல் நாள் உம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்வேன். ஒரு வாரம் கழித்துப் பழகுவேன். பழகி முடிக்கும்போது பெட்டி கட்டுவார்கள். ஏழெட்டு வயதில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்: பழகவே வேண்டாம். அதற்கப்புறம் அவர் போகும்போது நான் அழுததே இல்லை. "என் மவன் தைரியசாலி" என்று வாப்பா எல்லோரிடமும் சொல்வார்.

இப்போது என் மகன் வீடியோ காலில் அழுதால் எனக்குச் சங்கடமாகி, "சரி, படி, வைக்கிறேன்" என்று வைத்துவிடுகிறேன். என் மனைவி ஒரு நாள் கேட்டாள், "உங்களுக்கு எங்களை நினைச்சா ஒண்ணுமே தோணாதா?" தோன்றுகிறது. நெஞ்சு கனக்கிறது. ஆனால் அது என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

நான் தியானம் நன்றாகச் செய்வேன். ஆபீஸில் ஒரு வகுப்பு நடத்தினார்கள், எல்லோரையும்விட நான்தான் அமைதியாக உட்கார்ந்தேன். பெருமையாக இருந்தது. இந்த இழையைப் படித்த பிறகு சந்தேகம் வருகிறது. அங்கேயும் நான் ஒளிந்துதான் உட்கார்ந்திருந்தேனோ? சாயல்குடி அக்கா, இப்படியும் நடக்குமா?

சாயல்குடியாள்

நடக்கும் காக்கா (கீழக்கரைப் பக்கம் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவார்கள்). நீங்களே கண்டுபிடித்தது பெரிய விஷயம். இப்போது மைண்ட்ஃபுல்னெஸ் பக்கம் வருகிறேன், கொஞ்சம் நீளமாகும்.

1979-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-ஜின் என்பவர், தீராத வலியோடு இருந்த நோயாளிகளுக்காக எட்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். மூல வேர் பௌத்தம், ஆனால் மருத்துவமனைக்குத் தகுந்தபடி மாற்றியது. பிறகு டீஸ்டேல், வில்லியம்ஸ், சீகல் மூவரும் மனச்சோர்வு திரும்ப வராமல் இருக்க அதை மாற்றி அமைத்தார்கள். 2000-இல் வெளியான அவர்கள் ஆய்வில், மூன்று தடவையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்தவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவர்களுக்கு 66 சதவீதம் மறுபடி வந்தது. பயிற்சியும் எடுத்தவர்களுக்கு 37 சதவீதம். இரண்டு தடவை மட்டும் வந்தவர்களுக்கு அந்த ஆய்வில் பலன் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே மருந்து இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். 2014-இல் தியானப் பயிற்சிகள் பற்றிய 47 ஆய்வுகளை, 3,515 பேரை, சேர்த்துப் பார்த்தார்கள். பதற்றத்துக்கும் சோர்வுக்கும் மிதமான பலன் உண்டு, ஆனால் உடற்பயிற்சி, மருந்து, வேறு மனநல சிகிச்சைகளைவிட மேலானது என்பதற்குச் சான்று இல்லை என்று வந்தது. யாராவது "இது ஒன்றே போதும்" என்று விற்றால் தள்ளி நில்லுங்கள்.

இனி பிணைப்பும் இதுவும் சேரும் இடம். பிணைப்பில் பதற்றமோ விலகலோ அதிகம் உள்ளவர்களுக்கு இந்த விழிப்பான கவனம் சராசரியாகக் குறைவாக இருக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. தொடர்பு மிதமானதுதான். எது முதலில் என்றும் அந்தக் கணக்கு மட்டும் சொல்லாது. ஆனால் என் அனுபவத்தில் காரணம் இப்படித் தெரிகிறது.

"இது பயம், வந்திருக்கிறது, போகும்" என்று ஒருத்தர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது எங்கிருந்து வருகிறது? இடி இடிக்கும்போது ஒரு தாய் பிள்ளையை மடியில் எடுத்து, "பயந்துட்டியா தங்கம், இடிதான்" என்கிறாள். அவள் முகத்தில் பிள்ளையின் பயமும் தெரிகிறது, அவள் அதில் மூழ்கிவிடவில்லை என்பதும் தெரிகிறது. ஆயிரம் தடவை இப்படி நடந்த பிறகு பிள்ளை அதைத் தனக்கே செய்துகொள்ளப் பழகுகிறது. செவிலி அம்மா மேலே சொன்னதும் இதுதான். யாரும் நம் பயத்தைப் பார்த்துப் பெயர் சொல்லாமல் வளர்ந்திருந்தால், பெரியவர்களான பின் கண்ணை மூடி "கவனி" என்றால் எந்தக் கண்ணால் கவனிப்போம்?

மைண்ட்ஃபுல்னெஸை அளக்கும் கேள்விப் பட்டியல்களில் ஐந்து பகுதி பிரிக்கிறார்கள்: கவனிப்பது, சொல்லில் சொல்வது, செய்வதை உணர்ந்து செய்வது, நல்லது கெட்டது என்று தீர்ப்பு சொல்லாமல் இருப்பது, உடனே எதிர்வினை செய்யாமல் இருப்பது. 2006-இல் ரூத் பேயர் குழு பார்த்தபோது, தியானப் பழக்கம் இல்லாதவர்களிடம் வெறும் கவனிப்பு மட்டும் மன நலத்தோடு நல்லபடியாகச் சேரவில்லை. பாம்பன் அக்காவுக்கு நடந்தது அதுவே. படபடப்பு உள்ளவருக்கு நெஞ்சும் மூச்சும்தான் ஆபத்தின் இடம். அங்கேயே கவனத்தை வைத்தால் காவல்காரன் இன்னும் மிரள்வான். அக்கா, கண்ணைத் திறந்துகொண்டு உள்ளங்கால் தரையில் படுவதை, வெளியே கேட்கும் சத்தத்தைக் கவனிப்பது போன்ற வழிகளும் உண்டு. "மூச்சு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று உங்கள் ஆலோசகரிடம் தயவுசெய்து சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், அவருக்குத் தேவையான தகவல் அது.

காக்கா, உங்களுக்கு நேர்மாறு. உட்காருவது உங்களுக்குச் சுலபம். கஷ்டம் "சொல்லில் சொல்வது". மகன் அழும்போது போனை வைக்காமல் அரை நிமிடம் கூடுதலாக இருந்து, "வாப்பாவுக்கும் கஷ்டமா இருக்கு" என்று சொல்வதுதான் உங்கள் தியானம்.

கடைசியாக, சிகிச்சையில் எந்த முறை என்பதைவிட ஆலோசகருக்கும் வந்தவருக்கும் இடையிலான உறவு பலனோடு நிலையாகச் சேர்ந்து வருகிறது. 2018-இல் 295 ஆய்வுகளை, 30,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தார்கள். பெரிய மந்திரம் இல்லை, பலனில் ஏறக்குறைய எட்டு சதவீத வேறுபாட்டை அது விளக்குகிறது. ஆனால் எந்த முறையை எடுத்தாலும் அது இருக்கிறது. கேட்கக் கூச்சமாக இருந்தது என்று எழுதினீர்களே அக்கா, அந்தக் கூச்சத்தைச் சொல்வதிலிருந்தே சிகிச்சை தொடங்கலாம்.

தொண்டிக் கடல்

பெரிய ஆய்வெல்லாம் எனக்குத் தெரியாது. நாட்டுப்படகுக்காரன். மாமியார் சொன்ன பேச்சுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன்.

நங்கூரம் போடும்போது கயிற்றை ஆழத்தின் அளவுக்கே விட்டால் பிடிக்காது. ஐந்து பாகத் தண்ணிக்கு (ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம்) அதைப்போல ஐந்து மடங்காவது கயிறு விடணும். அப்போதுதான் நங்கூரம் படுத்து மண்ணைக் கவ்வும். காற்று கூடினால் இன்னும் கயிறு விடுவோம், இழுத்துக் கட்ட மாட்டோம். இழுத்துக் கட்டினால் ஒவ்வொரு அலைக்கும் நங்கூரம் பிடுங்கிக்கொண்டு வரும்.

தங்கச்சி கயிற்றை அறுக்க வேண்டாம். கொஞ்சம் விட்டுக் கொடுத்தால் போதும். மாமியாரும் அறுக்கச் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அந்தம்மா எத்தனை ராத்திரி உட்கார்ந்திருப்பார்கள், யார் கேட்டார்கள்?

தேவிபட்டினம் வாத்தியார்

தொண்டிக்காரர் எழுதியதை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். மைண்ட்ஃபுல்னெஸ் என்பதற்குப் பாலி மூலம் சதி. நம் ஊர்ச் சதி இல்லை. சமஸ்கிருதத்தில் ஸ்மிருதி, அதாவது நினைவு. 1881-இல் பாலி அறிஞர் ரைஸ் டேவிட்ஸ் ஆங்கிலத்தில் மைண்ட்ஃபுல்னெஸ் என்று போட்டார். வேரில் அது விட்டுவிடுவது இல்லை, மறவாமல் இருப்பது. தங்கச்சிக்கு இது ஆறுதலாக இருக்கும் என்று சொல்கிறேன்.

பாசிக்காரி மகள்

நான் சின்னப்பாலம். கல்லூரியில் இரண்டாம் வருடம். அம்மா முப்பது வருடமாகக் கடல்பாசி எடுக்கிறாள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்குவார்கள். மரிக்கொழுந்துப் பாசி பாறையில் ஒட்டியிருக்கும். உள்ளே இருக்கும்போது வேறு எதையும் நினைக்க முடியாது, நினைத்தால் பாறை கையைக் கிழித்துவிடும் என்பாள். இதைவிட என்ன விழிப்பு வேண்டும் என்று நான் எப்போதும் நினைத்ததுண்டு.

இந்த இழையைப் படித்துவிட்டு அம்மாவிடம் கேட்டேன், "உனக்கு முங்கும்போது பயம் வராதா?" அவள் சொன்னாள்: "நான் முங்கும்போது மேல ஒருத்தி பாத்துக்கிட்டு இருப்பா. அவ முங்கும்போது நான் பாப்பேன். தனியா யாரும் போகமாட்டோம்." அது எனக்கு இதுவரை தோன்றவே இல்லை. அவளுடைய கவனத்தை நான் தனியாகப் பார்த்துவந்தேன். மேலே பார்த்துக்கொண்டு நிற்கும் அத்தையைச் சேர்க்கவில்லை.

அக்கா அந்த ஆடியோவைத் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். மேலே யாரும் இல்லை.

சாயல்குடியாள்

தங்கச்சி, இத்தனை பத்தி எழுதி நான் சொல்ல வந்ததை உங்கள் அம்மா சொல்லிவிட்டார். அவரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

உப்புக்காற்று

ஒரு கேள்வி மட்டும். இந்தத் தாய்–பிள்ளை ஆராய்ச்சி எல்லாம் வெள்ளைக்காரர் வீட்டில் செய்தது. அங்கே ஒரு வீட்டில் ஒரு தாய். நம் ஊரில் தாய் பாசிக்கோ கருவாட்டுக்கோ போனால் அப்பத்தா, சித்தி, பக்கத்து வீடு என்று நாலு பேர் வளர்க்கிறார்கள். அந்த அளவுகோல் நமக்குப் பொருந்துமா? தாய் வேலைக்குப் போனதாலேயே பிள்ளைக்குக் குறை என்று ஆகிவிடாதா?

சாயல்குடியாள்

நல்ல கேள்வி. எய்ன்ஸ்வர்த் முதலில் பார்த்தது வெள்ளைக்காரர் வீட்டை இல்லை. பால்டிமோருக்கு முன்னால், 1950-களின் நடுவில் உகாண்டா கிராமங்களில் 26 குடும்பங்களைப் பார்த்தார். அங்கேயும் பலர் கை வளர்ப்புதான். 1988-இல் எட்டு நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நாட்டுக்கு நாடு உள்ள வித்தியாசத்தைவிட ஒரே நாட்டுக்குள் இருந்த வித்தியாசம் அதிகமாக இருந்தது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒரு தாய் மட்டும் என்ற பார்வையைக் குறை சொல்லும் ஆய்வாளர்கள் இன்றும் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்கு நிறைய ஒப்புதல். குழந்தைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிணைப்பு இருக்கலாம். வேலைக்குப் போவது குறை இல்லை. சொல்லிவிட்டுப் போவது, சொன்னபடி வருவது, இல்லாத நேரத்தில் இன்னொரு மடி இருப்பது, இவைதான் கணக்கு.

அக்காவின் அப்பத்தா பற்றி யாரும் கேட்கவில்லையே என்று இப்போதுதான் உறைக்கிறது.

பாம்பன்கரை

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அப்பத்தா பற்றிக் கேட்டது நல்லதாகப் போயிற்று. அம்மா சொல்லாமல் போன ஒவ்வொரு தடவையும் அப்பத்தா என்னை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "அழு, அழு, நான் எங்கயும் போகல" என்று சொன்னது ஞாபகம் வந்தது. இத்தனை வருடமும் போன ஆளையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், இருந்த ஆளை நினைக்கவே இல்லை.

ஆலோசகரிடம் மூச்சு விஷயத்தையும் கூச்சத்தையும் சொன்னேன். ஆடியோவை நிறுத்திவிட்டார். "அதைச் சீக்கிரம் கொடுத்துவிட்டேன், என் தவறு" என்றார். ஒரு படித்தவர் என்னிடம் அப்படிச் சொன்னது எனக்குப் புதிது. இப்போது அவர் கூடவே இருக்கும்போது கண் திறந்து, கால் தரையில் படுவதை மட்டும் இரண்டு நிமிடம் செய்கிறோம். வீட்டில் வாசல் கூட்டும்போது செய்கிறேன்.

ஒன்று கண்டுபிடித்தேன். ஏப்ரல் 15-இல் தடைக்காலம் தொடங்கியது. 61 நாள் அவர் வீட்டில். பயம் போய்விடும் என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் விடியற்காலை மூன்று மணிக்கு அதே படபடப்போடு எழுந்தேன். அவர் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். அப்போதுதான் புரிந்தது, இந்தக் காவல்காரன் இவருக்காக வந்தவன் இல்லை, எனக்கு நாலு வயதிலேயே வந்தவன். சிரிப்பு வந்துவிட்டது. அவரை எழுப்பிச் சொன்னேன். பாதித் தூக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். தூங்கிவிட்டேன்.

உப்புக்காற்று தம்பிக்கு: பயம் இன்னும் இருக்கிறது, இருக்கத்தான் செய்யும். போன வாரம் உங்கள் பக்கத்துப் பெண்களோடு மனு கொடுக்க நானும் வந்தேன். படபடப்பு இல்லாமல் நின்று பேச முடிந்தது.

தடைக்காலம் முடிந்து அவர் மறுபடி போகத் தொடங்கிவிட்டார். கிளம்பும்போது மகளிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறார், எப்போது வருவேன் என்பதையும் சேர்த்து. மகளுக்குக் கூண்டுக் கதையைச் சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் அவள் காலண்டர் தாளின் பின்பக்கம் எங்கள் இருவருக்கும் எண் எழுதுகிறாள். நேற்று எனக்கு நாலு, அவளுக்கு இரண்டு. வயிற்றுவலி முழுதாகப் போகவில்லை, ஆனால் பள்ளிக்கூடம் போனாள்.

அவள் பாட்டிக்கும் ஒரு எண் போட வேண்டும் என்று கேட்டாள். அத்தை ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "எனக்குப் பதினொண்ணு போடு" என்றார். மாமா போய் இருபத்தாறு வருடம். தொண்டி அண்ணே, நீங்கள் கேட்ட கேள்வியை அன்றைக்குத்தான் நான் கேட்டேன். விடியும் வரை பேசிக்கொண்டிருந்தோம்.

அடுத்த தடவை முடிந்தால் அத்தையையும் அழைத்து வாருங்கள் என்கிறார் ஆலோசகர். "எனக்கென்ன பைத்தியமா" என்று கேட்டார் அத்தை. கொஞ்ச நேரம் கழித்து, மதுரைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்றும் கேட்டார்.

கிராமச் செவிலி

முதல் பஸ்ஸில் போங்கள் அம்மா, வெயிலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம். அத்தைக்கு வழியில் குடிக்க ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: மதுரை வரை போக முடியாதவர்கள் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணைக் கூப்பிடலாம். 2022-இல் தொடங்கியது, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.